வெட்டு நின்றபின் இருண்ட காடு: டியெவீன் மலையின் வறண்ட ஓக் காடுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

செக் குடியரசின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மிகுலோவ் நகரத்துக்கு வடக்கே, சமவெளியிலிருந்து சட்டென எழும் சுண்ணாம்புக் குன்றுகளின் வரிசைக்குப் பாலவா என்று பெயர். அவற்றுள் உயரமானது டியெவீன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல்; ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவில். நம் ஊர்க் கணக்கில் இது குளிர்நாடுதான் என்றாலும், மத்திய ஐரோப்பாவில் வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களுள் ஒன்றாகவே இது எண்ணப்படுகிறது. அடிவாரமெங்கும் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன; தெற்குச் சரிவின் பாறைவெளிகளில், கருங்கடல் வரை நீளும் கிழக்குப் புல்வெளிகளின் செடிகள் வளர்கின்றன; இவ்விரண்டுக்கும் இடையே சரிவுகளைக் கலப்பு ஓக் காடு மூடியிருக்கிறது.

ஒரு காட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஏறக்குறைய எல்லா வகைக் காப்பும் இதற்குக் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சிறிது காலத்திலேயே டியெவீன் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1976இல் பாலவா முழுவதும் காக்கப்பட்ட நிலப்பகுதியானது. 1986இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்ந்தது. 2004இல் செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின், ஒன்றியத்தின் வாழிடச் சட்டமும் அதன் மேல் வந்து அமர்ந்தது. இத்தனைக்குப் பிறகும், எந்தச் செடிகளின் பொருட்டு இக்காடு காக்கப்பட்டதோ அந்தச் செடிகளில் பெரும்பங்கு, காப்பின் கீழ் கழிந்த அரை நூற்றாண்டில்தான் அருகிப்போயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது, அதை எந்த அளவுக்குத் திருப்ப இயலும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

காட்டின் இயல்பு

டியெவீனின் எல்லாச் சரிவுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேல்மண் மெலிந்த தெற்குச் சரிவில் குட்டையாக, முறுக்கிய கிளைகளோடு, இலையின் அடிப்புறம் மெல்லிய மயிர் படர்ந்த பஞ்சிலை ஓக் வளர்கிறது. இது மத்தியத் தரைக்கடல் பகுதியில் பரவலாகக் காணப்படுவது. இங்கே தன் வாழ்விட எல்லையின் வட விளிம்பில் நிற்கிறது. மண் ஆழமான இடங்களில் காம்பற்ற காய் கொண்ட ஓக் மரமும், அதனுடன் ஹார்ன்பீம், லிண்டன், வயல் மேப்பிள், ஆஷ் ஆகியவையும் கலந்து நிற்கின்றன. வடக்குச் சரிவில் லிண்டனும் ஆஷும் ஓங்கி நிற்க, ஓக் பின்வாங்கிவிடுகிறது. மலையைச் சுற்றி நடந்தால் சில நூறு மீட்டருக்குள்ளேயே இந்த மாற்றம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

இக்காட்டின் செல்வம் மரங்களைவிட அவற்றின் காலடியில்தான் மிகுதியாக இருந்தது. பலநிற ஐரிஸ், வசந்த அடோனிஸ், ஊதா ஆர்க்கிட், நீலமும் சிவப்புமாக நிறம் மாறும் கல்விதைச் செடி என ஒளியை நாடும் செடிகளின் பட்டியல் நீளும். அவற்றுள் டிக்டாம்னஸை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். இடுப்பளவு வளர்ந்து, இளஞ்சிவப்பு இதழ்களில் கருஞ்சிவப்பு நரம்போட, மே, ஜூன் மாதங்களில் பூக்கும் இச்செடி, எலுமிச்சையும் வில்வமும் கறிவேப்பிலையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்காம்பு முழுவதும் எண்ணெய்ச் சுரப்பிகள். விரலால் தொட்டாலே பிசுபிசுப்பும் எலுமிச்சை வாசமும் ஒட்டிக்கொள்ளும். காற்றசையாத கடும் வெயில் நாளில் அதிலிருந்து எழும் ஆவியில் தீப்பொறி பட்டால் நொடிநேரம் பற்றி எரியும்; செடிக்கு ஒன்றும் ஆகாது. விதை முற்றியதும் காய் வெடித்துச் சில மீட்டர் தூரம் விதையைத் தெறிக்கிறது. அதற்கு மேல் அதன் விதையைச் சுமந்து செல்வார் எவருமில்லை. இந்தச் சில மீட்டர் கணக்கு, மீட்புப் பணியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இத்தகைய செடிகள் புல்வெளியின் சுடுவெயிலையும் தாங்கும். ஆனால் அவற்றுக்கு உகந்தது அரைநிழல். நண்பகல் வெயில் இலைகளினூடே வடிந்து தரையைத் தொட வேண்டும். மண்ணில் தழைச்சத்து மிகுந்துவிடவும் கூடாது, ஏனெனில் அது மிகுந்தால் வேகமாக வளரும் செடிகள் இவற்றை அமுக்கிவிடும். ஒளி, மெலிந்த மண் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்த காடு ஐரோப்பிய இலையுதிர் மண்டலத்தில் தானாக நீடிப்பது அரிது. பாறைமுகட்டில் மண்ணின் மெலிவே காட்டைத் திறந்து வைத்திருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் அந்த வேலையை வேறு ஏதோ ஒன்று செய்திருக்க வேண்டும். டியெவீனில் அந்த வேலையைச் செய்தவர்கள் விறகு வெட்டிகள்.

எழுநூறு ஆண்டுக் கோடரி

மிகுலோவைச் சூழ்ந்த நிலம் 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1560 வரை லிக்டென்ஸ்டைன் குடும்பத்திடமும், 1575 முதல் 1945 வரை டீட்ரிக்ஷ்டைன் குடும்பத்திடமும் இருந்தது. பெரும் பண்ணைகளுக்கே உரிய கணக்கெழுதும் பழக்கத்தால் வரிப் பதிவேடுகளும் காட்டுக் கணக்குகளும் பின்னாளைய வெட்டுத் திட்டங்களும் இன்றுவரை தங்கியிருக்கின்றன. செக் அறிவியல் கழகத்தின் தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் சாபோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இவற்றைப் படித்து, இக்காடு எவ்வாறு பயன்பட்டது என்பதை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தொகுத்திருக்கிறார்கள். காட்டியல் ஆய்வில் ஆவணக் காப்பகம் இவ்வளவு தூரம் கைகொடுத்த இடங்கள் மிகக் குறைவு என்றே கருதுகிறேன்.

அப்பதிவுகள் காட்டுவது மறுதாம்புக் காடு. நம் ஊரில் தைலமரத்தை அடியோடு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்களை அடுத்த வெட்டுக்கு வளர்ப்பதுபோல, ஓக்கையும் ஹார்ன்பீமையும் லிண்டனையும் தரையை ஒட்டி வெட்டி, மீண்டும் துளிர்க்க விட்டிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஒரு கூப்பில், அதாவது ஒரு முறையில் வெட்டுவதற்கென வகுத்த காட்டுத் துண்டில், வெட்டி முடித்து அதே கூப்புக்குத் திரும்ப 7 ஆண்டுகளே ஆயின. கைக்கு அடங்கும் கழிகளும் சுள்ளிக்கட்டுகளும்தான் அன்றைய தேவை. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இந்த இடைவெளி நீண்டது; 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஏறக்குறைய 30 ஆண்டுகளை எட்டியது. ஒவ்வொரு கூப்பிலும் சில ஓக் மரங்களை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். உத்தரத்துக்கான பெருமரம் அவற்றிலிருந்து கிடைத்தது.

இதன் விளைவு காடெங்கும் ஒரே நேரத்தில் நிகழவில்லை. இவ்வாண்டு வெட்டிய கூப்பு வெயிலில் கிடக்கும். மூன்றாண்டுக்கு முன் வெட்டியது பூத்துக் குலுங்கும். ஆறாண்டுக்கு முன் வெட்டியது மறுபடி இருளத் தொடங்கும். எந்த ஆண்டை எடுத்தாலும் மலையின் ஏதோ ஒரு பகுதியில் திறப்பு இருந்தது. அதன் அருகிலேயே, அடுத்து வெட்டப்படவிருக்கும் நிழற்பகுதியும் இருந்தது. மர விதானம் மூடும்போது செடிகள் வேர்க்கிழங்காகவோ விதையாகவோ ஒடுங்கி, அடுத்த திறப்பு வரை தாக்குப்பிடித்தன. இதோடு, வெட்டிய மரம் மட்டுமல்லாமல் சுள்ளியும் சருகும்கூடக் காட்டைவிட்டு வெளியேறின. மாடும் ஆடும் உள்ளே மேய்ந்தன. இப்படித் தழைச்சத்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காட்டிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது. காட்டியலாளர்கள் இதை நெடுங்காலம் மண்ணைச் சுரண்டும் வழக்கம் என்றே கண்டித்து வந்தார்கள். மரத்தின் விளைச்சலை மட்டும் கணக்கிட்டால் அது சரியான கண்டனமே. ஆனால் ஐரிஸுக்கும் ஆர்க்கிட்டுக்கும் இடம் கொடுத்தது அந்த மெலிந்த மண்தான்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வழக்கம் சரிந்தது. நிலக்கரி விறகின் இடத்தைப் பிடித்தது. தடித்த மரத்துக்கே விலை என்றான பின், மறுதாம்புக் காடுகளை ஓங்கிய மரக்காடாக மாற்றுவது காட்டியலின் கொள்கையாகவே ஆயிற்று. 1945இல் பண்ணை பறிமுதலாயிற்று. தலைமுறை தலைமுறையாக இக்காட்டில் வேலை செய்துவந்த ஜெர்மன் மொழி பேசும் குடிகள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் காப்பகம் வந்தபோது, டியெவீனில் வெட்டுவதற்கான தேவையும், வெட்டத் தெரிந்த கையும், வெட்ட அனுமதியும் ஏறக்குறைய ஒருசேர இல்லாமல் போயின. காப்பு ஆணையை எழுதியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கண்ட காட்டில் செடிகள் செழித்திருந்தன. அதைக் கெடுக்கக்கூடியது கோடரிதான் என்று நினைப்பது அன்றைய அறிவுக்கு இயல்பானது.

பழைய கட்டங்களைத் தேடி

1950களில் தாவரவியலாளர் யாரோஸ்லாவ் ஹொராக் டியெவீன் காட்டில் பல இடங்களில் கட்டம் வகுத்து, ஒவ்வொன்றிலும் இருந்த மரம், புதர், செடி அனைத்தையும் அவற்றின் பரப்பளவுடன் பதிவு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ராடிம் ஹெட்லும் உடன் ஆய்வாளர்களும் அதே இடங்களுக்குச் சென்று, அதே முறையில் மீண்டும் பதிவு செய்தார்கள். 2010இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது.

ஓக் காட்டுக்கும் வறண்ட புல்வெளிக்கும் பொதுவான, ஒளி நாடும் செடிகள் பெருமளவு குறைந்திருந்தன. நிழலைத் தாங்கும், தழைச்சத்தை நாடும் செடிகள் அவற்றின் இடத்துக்கு வந்திருந்தன. ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் முன்பு இருந்த வேறுபாடு மங்கி, மலையெங்கும் ஒரே வகையான ஈரநிழற் காடு படர்ந்துகொண்டிருந்தது. என் பார்வையில், இழப்புகளுள் கடைசியில் சொன்னதே பெரிது. ஒரு செடி ஒரு கட்டத்தில் மறைவதை மற்றொரு கட்டத்தில் அது இருப்பது ஓரளவு ஈடுசெய்யும். எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் அந்த ஈடு கிடைக்க வழியில்லை. கைவிடப்பட்ட மறுதாம்புக் காடுகள் பற்றி மார்ட்டின் கொபெட்ஸ்கி, ஹெட்ல், சாபோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதை உறுதி செய்கிறது. அங்கே செடிகளின் மறைவு தற்செயலாக நிகழவில்லை. குறிப்பிட்ட இயல்புடைய செடிகளே, அதாவது ஒளியை நாடுபவையே, தொடர்ந்து உதிர்ந்திருக்கின்றன.

இத்தகைய மறுஆய்வில் இரண்டு ஐயங்கள் எழுவது நியாயம். முதலாவது, பழைய கட்டங்களின் மூலைகளில் கல் நடப்படவில்லை. வரைபடத்தையும் சரிவின் அளவையும் குறிப்புகளையும் கொண்டே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சில மீட்டர் விலகல் தவிர்க்க முடியாதது. ஆனால் இடம் தவறுவதால் வரும் பிழை எல்லாத் திசையிலும் சிதறும். ஒளிச்செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைத்துக் காட்டாது. இரண்டாவது ஐயம் இதைவிட ஆழமானது. ஹொராக் பதிவு செய்த காலத்திலேயே கடைசி வெட்டு முடிந்து ஆண்டுகள் கழிந்திருந்தன; காடு மூடத் தொடங்கியிருந்தது. ஆகவே அவருடைய பதிவு மறுதாம்புக் காட்டின் முழு வளத்தைக் காட்டவில்லை. அவ்வளம் கரையத் தொடங்கிய நிலையையே காட்டுகிறது. உண்மையான இழப்பு, இரண்டு பதிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்தக் காட்டுக்குள் நின்றால் காரணம் கண்ணுக்கே தெரியும். ஒரே அடிக்கட்டையைச் சுற்றி ஆறேழு தண்டுகள் வளையமாக எழுந்து, தொடைப்பருமனுக்கு மேல் தடித்து, உச்சியில் ஒன்றோடொன்று இலை கோத்திருக்கின்றன. வளையத்தின் நடுவில் பழைய கட்டை மக்கி, பாசியும் சருகும் நிரம்பிய குழியாகிவிட்டது. எல்லாத் தண்டுகளும் கடைசி வெட்டுக்குப் பின் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிளம்பியவை என்பதால், விதானத்தில் வயது வேறுபாடும் இடைவெளியும் இல்லை. கீழே ஓக் கன்றுகளைத் தேடினால், முளைத்து ஓரிரு ஆண்டான, நான்கைந்து இலை கொண்டவை கிடைக்கும். அதைத் தாண்டி வளர்ந்தவை கிடைப்பது கடினம். ஜே பறவை ஓக் காய்களை இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைத்து வைக்கத் தவறுவதில்லை. முளைத்த கன்றுக்கு ஒளிதான் கிடைப்பதில்லை. ஆஷும் மேப்பிளும் அந்த நிழலிலேயே காத்திருந்து மேலேறக் கூடியவை.

இதோடு, காற்றின் வழியாக வந்து சேரும் நைட்ரஜனும் கணக்கில் வரவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மத்திய ஐரோப்பாவின் தொழிற்சாலைப் புகையும் வாகனப் புகையும் உரமிட்ட வயல்களும் எல்லாக் காடுகளின் மேலும் தழைச்சத்தைத் தூவின. சருகும் விறகும் வெளியேறுவது நின்றுபோன காட்டில் இது தங்கிவிடுகிறது. வெட்டு நின்றதும் தழைச்சத்து சேர்ந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால், எதனால் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. செடிகளின் மாற்றத்தில் இரண்டின் தடமும் தெரிகிறது. எனினும் நிழலே முதற்காரணம் என்பதற்கு, அதே புகை விழும் பாறைமுகட்டின் திறந்த ஓக் காட்டில் ஒளிச்செடிகள் இன்னும் நிலைத்திருப்பதே வலுவான சான்று.

வேலிக்குள் விலங்குகள்

காடு மூடாமலிருக்க, வெட்டுக்கு மாற்றாக விலங்குகள் மேய்ந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கான விடையும் இம்மலையிலேயே இருக்கிறது. 1950களில் டியெவீனில் பெசோவார் காட்டாடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. அவை பெருகிப் பாறைச்சரிவுகளை மிதித்தும் கடித்தும் சிதைத்ததால், 1990களின் நடுவில் அகற்றப்பட்டன. அருகிலுள்ள மிலோவிட்செ காட்டில் 1960களில் வேட்டைக்கென வேலியிட்டு மான்களும் மௌஃப்லான் செம்மறிகளும் அடர்த்தியாக வளர்க்கப்பட்டன. மிலான் கித்ரியும் யிர்ஷி டானிஹெல்காவும் 1993இல் வெளியிட்ட ஒப்பீடு, அங்கே காட்டுச் செடிகள் குறைந்து, குப்பைமேட்டிலும் வழியோரத்திலும் வளரும் களைகள் பெருகியதைக் காட்டிற்று. கிராமத்து மாடு பகலில் காட்டில் மேய்ந்து இரவில் தொழுவத்தில் சாணம் போடும். காட்டின் சத்து வெளியேறும். வேலிக்குள் அடைக்கப்பட்டு, வெளியிலிருந்து தீவனம் வைத்து வளர்க்கப்படும் மான் இதற்கு நேர்மாறாகச் சத்தை உள்ளே குவிக்கிறது. அதோடு இளந்துளிர்களையும் பூக்களையும் முதலில் தின்றுவிடுகிறது. மேய்ச்சல் என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடக்கிப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

மிலோவிட்செ காட்டுப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி யிர்ஷி பெனெஷும் மார்ட்டின் கொன்விச்காவும் மற்றவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் வேட்டைவிலங்கு வளர்ப்பையும் மறுதாம்பு வெட்டு அற்றுப்போனதையும் சேர்த்தே ஆராய்கிறது. அக்காட்டில் வாழும் கருங்கோட்டு அப்போலோ என்னும் பட்டாம்பூச்சியின் வாழ்க்கை, திறப்பு ஏன் வேண்டும் என்பதைத் தெளிவாக்குகிறது. அதன் புழு கோரிடாலிஸ் என்னும் கிழங்குச் செடியை மட்டுமே தின்னும். அச்செடி மரங்கள் தளிர்க்கும் முன்பே, மார்ச், ஏப்ரலில் எழுந்து, மே முடிவதற்குள் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். ஆகவே புழு குளிர் விலகாத இளவேனிலில், வெயில் விழும் இடத்தில் உடலைச் சூடாக்கிக்கொண்டு விரைந்து தின்று முடிக்க வேண்டும். மே, ஜூனில் பறக்கும் பட்டாம்பூச்சிக்குப் பூக்கள் நிறைந்த வெளி வேண்டும்; முட்டையிடும்போதோ கோரிடாலிஸ் மறைந்தே போயிருக்கும். காட்டின் செடி ஒன்றும் வெளியின் பூக்களும் நடந்து சேரும் தூரத்தில் இருந்தாலொழிய இப்பூச்சிக்கு வாழ்வில்லை. கூப்பு முறை அதைத்தான் தந்துகொண்டிருந்தது.

திறப்பதும் மீள்வதும்

மேற்கே சிறிது தொலைவில், டியெவீனுக்கு அருகே ஓடும் டியே ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் பொடியீ தேசியப் பூங்காவில் இரண்டு வகைச் சோதனைகள் நடந்தன. ஒன்றில், வெட்டாமல் விட்டுவைத்த மரங்களுடன் கூடிய மறுதாம்புக் காட்டை மீண்டும் உருவாக்க விதானத்தைக் குறைத்தார்கள். மற்றொன்றில், மூடிய ஓக் காட்டுக்குள் சிறு திறப்புகளை வெட்டி, செடிகளோடு பல பூச்சிக் குழுக்களையும் கணக்கிட்டார்கள். ஒளி வந்ததும் செடிவகைகள் பெருகின. பட்டாம்பூச்சிகள் சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. ஆனால் பெருகியவற்றில் மண்ணில் நெடுங்காலம் உறங்கும் விதை கொண்ட பொதுவான செடிகளும் களைகளும் முந்திக்கொண்டன. அரிய செடிகள் மெதுவாகவே வந்தன, சில வரவேயில்லை. எல்லா உயிர்க்குழுக்களும் திறப்பை விரும்பவுமில்லை.

இதைக் கொண்டு முயற்சி தோற்றது என்று சொல்வோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. 70 ஆண்டு இருண்ட காட்டை ஒருமுறை வெட்டினால், சேர்ந்திருந்த தழைச்சத்து வெயிலில் விரைந்து கரைந்து களைக்குத்தான் முதலில் உணவாகும். இரண்டாம், மூன்றாம் சுழற்சியில், சுள்ளியும் சருகும் ஒவ்வொரு முறையும் வெளியேறிய பிறகே மண் மெலியும். ஒரு வெட்டின் விளைவைப் பார்த்துச் சுழற்சியை அளக்க முடியாது.

ஒரே ஒரு முறை திறப்பது போதாது என்பதற்கு ஹங்கேரியிலுள்ள சீக்ஃபோகூட் காடு மற்றொரு சான்று. எகெர் நகரத்துக்கு அருகே, பூக் மலையின் அடிச்சரிவில், ஓக் இனங்கள் இரண்டு கலந்து நின்ற வறண்ட காட்டை 1972இல் பால் யாகுச் நீண்டகால ஆய்வுக் களமாக்கினார். அங்கே யாரும் கோடரி எடுக்கவில்லை. ஆனால் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் காம்பற்ற காய் ஓக் மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போகத் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளில் அவ்வினத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. விதானம் திறந்துகொண்டது. அந்த இடத்தை இளம் ஓக் நிரப்பவில்லை. அதுவரை புதராகக் கீழே நின்ற வயல் மேப்பிள் மேலெழுந்து மரமாகி மூடிக்கொண்டது. நிழலில் காத்திருந்த இனங்களுக்கே திறப்பின் பயன் போய்ச் சேரும் என்பதை, திட்டமிடாத இச்சோதனை அப்பட்டமாகக் காட்டுகிறது. திறந்தபின் அந்த இனங்களைத் திரும்பத் திரும்ப வெட்டி அடக்கினால்தான் ஓக்குக்கு வாய்ப்பு.

காட்டை வெட்டாமலே விட வேண்டும் என்னும் எதிர்த்தரப்பின் வாதத்தில் நான் முழுமனதாக ஏற்கும் பகுதி ஒன்று உண்டு. 70, 80 ஆண்டு கைவைக்கப்படாத காட்டில் பட்டமரங்களும் பொந்துகளும் உருவாகின்றன. பூஞ்சைகளும் மரத்தில் வாழும் வண்டுகளும் அவற்றை நம்பியிருக்கின்றன. காட்டை முழுவதும் 7 ஆண்டுச் சுழற்சிக்குத் திருப்பினால் இவை போய்விடும். வடக்குச் சரிவின் லிண்டன், ஆஷ் காட்டை அப்படியே விடுவதுதான் முறை. ஆனால் ஓக் சார்ந்த அரிய வண்டுகளில் பல இருண்ட காட்டின் உயிர்கள் அல்ல. பெரிய ஓக் நீள்கொம்பு வண்டு முட்டையிடுவது வெயில் படும் தடித்த அடிமரத்தில். சுற்றிலும் ஹார்ன்பீம் நெருக்கினால் அதே மரம் அதற்குப் பயனற்றதாகிறது. முன்னோர் கூப்பில் விட்டுவைத்த ஓக் மரங்களைச் சுற்றித் திறப்பு ஏற்படுத்துவது வண்டுக்கும் செடிக்கும் ஒருசேர உதவும்.

விறகுக்கும் மரச்சில்லுக்கும் எரிபொருளாக இன்று மீண்டும் விலை ஏறியிருப்பதால், மறுதாம்பு என்ற பெயரில் பெருமரங்களை அள்ளிச் செல்லும் ஆபத்தும் இருக்கிறது. வெட்டில் எது வெளியேறுகிறது, எது நிற்கிறது என்பதை மரம் மரமாகக் குறித்து, வெட்டு நடக்கும் முன்பே காப்பக நிர்வாகம் உறுதி செய்வது இன்றியமையாதது.

சட்டத்தின் இடறல்

செக் குடியரசின் 1995ஆம் ஆண்டு வனச்சட்டம் ஓங்கிய மரக்காட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. 80 வயதுக்குக் குறைந்த காட்டை இறுதி வெட்டுக்கு உட்படுத்த அது தடை விதிக்கிறது. முழுவெட்டின் பரப்புக்குப் பொதுவாக 1 ஹெக்டேர் உச்சவரம்பு வைக்கிறது. காட்டில் கால்நடை மேய்ச்சலையும் தடை செய்கிறது. விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 7 முதல் 30 ஆண்டு வரையான சுழற்சியில் வாழ்ந்த காட்டுக்கு, அதன் இயல்பான ஒவ்வொரு செயலும் விலக்காகவே அமைய வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய வாழிடச் சட்டம், பஞ்சிலை ஓக் காட்டையும் புல்வெளி சார்ந்த ஓக் காட்டையும் முன்னுரிமை வாழிடங்களாகப் பட்டியலிட்டு, அவற்றை நல்ல நிலையில் வைத்திருக்க உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. ஒரு சட்டம் கட்டளையிடும் நிலையை அடையும் வழியை இன்னொரு சட்டம் அடைக்கிறது. இவ்வகைக் காடுகளுக்கென மறுதாம்பைத் தனி மேலாண்மை முறையாக ஏற்று, விலக்கு ஆணை இல்லாமலே சுழற்சித் திட்டம் வகுக்க இடமளிக்கும் திருத்தம் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

இரண்டு காரணங்களால் காலம் நெருக்குகிறது. ஓக்கின் அடிக்கட்டை முதிர முதிர அதன் துளிர்க்கும் திறன் குறைகிறது. இன்று வெட்டினால் துளிர்க்கும் கட்டை, இன்னும் சில பத்தாண்டுகள் கழித்து வெட்டினால் பட்டுப்போகலாம். அப்போது மறுதாம்பு என்பதே கைகூடாது. விதையிலிருந்து தொடங்க வேண்டிவரும். மற்றொன்று, கிழக்காசியாவிலிருந்து வந்து 1990களில் போலந்தில் முதலில் தென்பட்ட பூஞ்சைநோய் ஐரோப்பா எங்கும் ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. நிழற்காலத்தில் பெருகிய ஆஷ் விழும்போது டியெவீனில் திறப்புகள் தாமாகவே உண்டாகும். அவற்றை அப்படியே விட்டால் சீக்ஃபோகூட்டில் நடந்ததுபோல மேப்பிள் மூடிக்கொள்ளும். ஆஷ் விழுந்த இடங்களையே கூப்புகளாக எடுத்து, கீழ்நிற்கும் மேப்பிளையும் ஹார்ன்பீமையும் உடனே வெட்டினால் பாதி வேலையை நோயே செய்து முடித்திருக்கும்.

ஆனால் முதற்கூப்பு காட்டின் நடுவில் அமையக் கூடாது. டிக்டாம்னஸ் தன் விதையைச் சில மீட்டரே எறிகிறது. வயலட்டின் விதையையும் கோரிடாலிஸின் விதையையும் எறும்புகள் இழுத்துச் செல்லும் தூரமும் அவ்வளவே. உள்ளே வெட்டிய திறப்புக்கு இவை தாமாக வந்து சேரப் பல தலைமுறை ஆகும்; அதற்குள் களை நிரம்பிவிடும். பொடியீயில் அரிய செடிகள் தாமதித்ததற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆகவே பாறைமுகட்டின் புல்வெளியை ஒட்டிய தெற்கு விளிம்பில், தாய்ச்செடிகள் இன்றும் பூக்கும் இடத்தைத் தொட்டபடி முதற்கூப்பை வெட்ட வேண்டும். செடிகள் அதில் கால் ஊன்றியதை உறுதி செய்த பிறகு, அதை ஒட்டியே இரண்டாவதைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். மான் நுழையாதபடி முதல் சில ஆண்டுகளுக்கு வேலி வேண்டும். வெட்டிய சுள்ளியைக் கூப்பிலேயே மக்கவிடாமல் வெளியேற்ற வேண்டும். ஹொராக்கின் கட்டங்களில் சிலவற்றையேனும் இத்திட்டத்துக்குள்ளும், சிலவற்றை அதற்கு வெளியிலும் அமையுமாறு வைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கெடுக்க வேண்டும். இம்முறை மூலைகளில் கல் நட்டு.